மேடைக்குப் பின்னே – 9: இருபத்து மூன்றிலேயே வயசாகிப் போச்சு!

ஆஷ்லி மியர்ஸ் சமூகவியல் மாணவி. நியூயார்க்கில் ஒரு மாடலிங் ஏஜென்சி அவரைச் சேர்த்துக்கொண்டபோது வயது 23. யார் கேட்டாலும் 18 என்று சொல்லச் சொன்னார்கள். உள்ளே இருந்து பார்த்ததையெல்லாம் பிற்பாடு ஆய்வாக்கி, 2011-இல் ‘பிரைசிங் பியூட்டி’ என்ற நூலாக வெளியிட்டார்.

23 வயதுப் பெண்ணின் முகத்தில் சுருக்கமா விழுந்துவிட்டது? இல்லை. ஐந்து வயதைக் குறைக்கச் சொன்னது ஏஜென்சியின் கணக்குப் புத்தகம்.

கமிஷன் விவகாரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு முந்தைய கட்டம் கடன். புதிதாக வரும் பெண்ணுக்கு டெஸ்ட் போட்டோ, காம்ப் கார்டு (படமும் அளவுகளும் அச்சிட்ட அறிமுக அட்டை), விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் பல ஏஜென்சிகள் முன்பணம் போடும்; எல்லாம் அவள் பேரில் பற்று எழுதப்படும். பெயர் வெளியே தெரிவதற்கே சில சீசன்கள் ஆகலாம். 16 வயதில் பிடித்தால் போட்டதை எடுத்து, லாபமும் பார்த்துவிடலாம். 23-இல் வருபவளிடம் அந்த அவகாசம் இல்லை. தென்னை வைக்கிறவன் கன்றாகப் பார்த்துத்தானே வாங்குவான்?

இரண்டாவது காரணம் தையல் மேஜையில் இருக்கிறது. ஷோவுக்கான சாம்பிள் உடைகளை ஒரே அளவில் தைத்துவிட்டு, அதற்குள் நுழையும் உடம்பைப் பிறகு தேடுகிறார்கள். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், இடுப்புக்குக் கீழே ‘ஹிப்’ சுற்றளவு 34, 35 அங்குலம். இந்த இரண்டும் சேர்ந்து அமைவது பெரும்பாலும் வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குத்தான். 16 வயதில் கச்சிதமாகப் பொருந்தியவளுக்கு 19-இல் உடம்பு தன் போக்கில் பெண்ணுடம்பாகும். ஏஜென்சியில் இஞ்ச் டேப் வெளியே வரும்.

மூன்றாவதை யாரும் ஒப்பந்தத்தில் எழுத மாட்டார்கள். 15 வயதுப் பிள்ளை எதிர்க்கேள்வி கேட்காது.

கேட் மாஸ் 14 வயதில் நியூயார்க் விமான நிலையத்தில் கண்டெடுக்கப்பட்ட கதையை இன்றும் தேவதைக் கதை போலச் சொல்கிறார்கள். அந்தக் கதைக்கு வேலி போட எத்தனை காலம் ஆயிற்று என்று பாருங்கள். 2007-இல் அமெரிக்க ஃபேஷன் டிசைனர்கள் கவுன்சில், 16 வயதுக்குக் குறைந்தவர்களை மேடையேற்ற வேண்டாம் என்றது. வெறும் வேண்டுகோள்தான். 2012 பிப்ரவரியில் டிசைனர் மார்க் ஜேக்கப்ஸ் தன் ஷோவில் 14 வயதுப் பெண்களை நடக்கவிட்டார். யாராலும் தடுக்க முடியவில்லை. மறு ஆண்டு நியூயார்க் மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ள மாடல்கள் குழந்தை நடிகர்களுக்கு இணையாக வைக்கப்பட்டார்கள். வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது. சம்பளத்தில் 15 சதவீதம் பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கில் போயாக வேண்டும். இந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்து நின்றது முன்னாள் மாடல் சாரா ஜிஃப் தொடங்கிய ‘மாடல் அலையன்ஸ்’ அமைப்பு.

பாரிஸோ மெதுவாகத்தான் வந்தது. 2015-இல் டியோர் ஷோவைத் தொடங்கிவைத்து முதல் ஆளாக நடந்தவள் 14 வயதுச் சிறுமி. 2017-இல்தான் எல்விஎம்ஹெச், கெரிங் என்ற இரண்டு ஜாம்பவான் நிறுவனங்களும் 16 என்று கோடு கிழித்தன. 2019-இல் கெரிங் அதை 18 ஆக்கியது. எல்விஎம்ஹெச் கூடச் சேரவில்லை.

சரி, 25 தாண்டியவர்களின் கதி? இங்கே தொழில் இரண்டாகப் பிரிகிறது. பெரிய பத்திரிகைகளின் ஃபேஷன் பக்கங்களும் ராம்ப்பும் ஒரு பக்கம்: பெயர் கிடைக்கும், காசு சொற்பம். காட்டலாக், விளம்பரம் எல்லாம் மறுபக்கம்: பகட்டு இல்லை, காசு உண்டு. மருந்துக்கும் இன்சூரன்ஸுக்கும் சமையலறைச் சாமானுக்கும் அம்மாவும் அதிகாரியும்தான் தேவை. 17 வயது முகத்தை வைத்துக்கொண்டு அவற்றை விற்க முடியாது. முப்பதுகளில் வீட்டு வாடகை கட்டுகிற மாடல்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள்.

இனி லாரன் ஹட்டனைப் பாருங்கள். பிறந்தது 1943. 1973-இல் ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தோடு பெரிய ஒப்பந்தம் போட்ட மாடல். நாற்பதை ஒட்டி வேலை வற்றிப்போனது. 2016 செப்டம்பரில் மிலானில் பொட்டேகா வெனேட்டா ஷோவில், 72 வயதில், 21 வயது ஜிஜி ஹடீடோடு கைகோத்து நடந்தார். ஹட்டன் அந்த மேடையில் பிடித்திருந்த தோல் பை, 1980-இல் வந்த ‘அமெரிக்கன் ஜிகோலோ’ படத்தில் அவர் கையில் இருந்த அதே மாடல். அவ்வளவு விலை உயர்ந்த பையை வாங்கும் வசதி 21 வயதுக்காரியிடம் அபூர்வம். ஹட்டனைப் பார்த்து வளர்ந்த பெண்களிடம் உண்டு. அடுத்த ஆண்டு இத்தாலிய வோக் அவரை அட்டையில் போட்டது.

இதை வைத்து வயது ஒரு தடையே இல்லை என்று சொல்லிவிடலாமா? ஹட்டனும், 85 வயதில் பாரிஸ் மேடையில் நடந்த கார்மென் டெல்லோரிஃபீசும் இளமையிலேயே உள்ளே வந்து பெயர் வாங்கியவர்கள். தென்கொரியாவின் சோய் சூன்-ஹ்வா போல, மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை பார்த்துவிட்டு எழுபதுகளில் புதிதாக மாடலிங்குக்கு வந்தவர்கள் மிகச் சிலர். மிஸ் யுனிவர்ஸ் 28 வயது என்ற உச்சவரம்பை எடுத்ததால் சோய் 2024-இல் 80 வயதில் கொரியப் போட்டி மேடையேற முடிந்தது.

ஆக, 15 வயது மகளைக் காட்டி ‘இப்பவே கையெழுத்துப் போடுங்க, ரெண்டு வருஷம் போனா லேட்’ என்று ஒருவர் சொன்னால், லேட் ஆவது அவர் போடும் முதலுக்குத்தான். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்தச் செலவு கடனாக எழுதப்படும், ஒப்பந்தம் எத்தனை வருஷம், பிள்ளையின் சம்பளம் யார் கணக்கில் விழும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராதவரை பேனாவைத் திறக்க வேண்டாம்.

அடுத்த வாரம்: மாடல் அபார்ட்மென்ட்டில் ஒரு கட்டிலுக்கு எத்தனை டாலர்?

(தொடரும்)