மண் அறக்கட்டளைக்கு, வீடு குடும்பத்துக்கு

வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போனதற்காக, அமெரிக்காவின் தென்பகுதியில் பல கறுப்பினக் குடும்பங்களைப் பண்ணை முதலாளிகள் குடியிருந்த இடத்தைவிட்டே விரட்டினார்கள். யாரும் விரட்ட முடியாத மண் வேண்டும் என்று ஜார்ஜியாவில் சார்லஸ் ஷெராடும் ஷெர்லி ஷெராடும் தோழர்களோடு வழி தேடினார்கள். அவர்களுக்கு முன்மாதிரியாக அமைந்தவற்றில் ஒன்று வினோபாவின் கிராமதானம்: நிலம் ஊருக்கு, உழைப்பவருக்கு அனுபோகம். 1969-இல் ஆல்பனி நகருக்கு அருகே சுமார் 5,700 ஏக்கரில் 'நியூ கம்யூனிட்டீஸ்' பிறந்தது. சமூக நில அறக்கட்டளைகளுக்கு அதுதான் மூத்தது.

ஏற்பாடு எளிமையானது. மனை அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்கும், விற்பனைக்கு வராது. குடும்பம் வீட்டை மட்டும் வாங்கி, மனையைக் குத்தகைக்கு எடுக்கிறது. பெரும்பாலும் 99 ஆண்டு. மனையின் விலை கழிந்துவிடுவதால் கூலிவேலை செய்பவருக்கும் வீடு எட்டுகிறது. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் வீட்டை விற்பவருக்குப் போட்ட பணத்தோடு, கூடிய மதிப்பில் நாலில் ஒரு பங்கு கிடைக்கும். மிச்சம் வீட்டோடு தங்கிவிடும். அடுத்து வருபவருக்கும் விலை அதிகம் ஏறாமல் இருப்பது அதனால்தான். ஆனால், வீட்டை வைத்துத்தான் சொத்துச் சேர்க்க முடியும் என்றிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு இது சின்ன விட்டுக்கொடுத்தல் அல்ல.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் பரவவில்லை? மக்கள் தயங்குகிறார்கள் என்பதை நான் முதல் காரணமாக ஏற்கமாட்டேன். பணமும் அதிகாரமும் வைத்திருப்பவர்களின் தயக்கமே பெரிது. நியூ கம்யூனிட்டீஸுக்கு வரவிருந்த மத்திய அரசு நிதியை மாநில ஆளுநர் தடுத்தார். வறட்சியில் பயிர் கருகியபோது வேளாண் துறையின் அவசரக் கடன் இழுத்தடிக்கப்பட்டது. 1985-இல் மொத்த நிலமும் கடனில் மூழ்கியது. நடந்தது இனப் பாகுபாடு என்ற வழக்கில் 2009-இல்தான் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது.

மனை தனி, வீடு தனி என்றால் எதை அடமானம் பிடிப்பது என்று வங்கிகள் இன்றும் யோசிக்கின்றன. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. வீட்டுக்கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த 2010-இன் இறுதியில், இத்தகைய வீடுகளில் ஜப்தி நடவடிக்கைக்கு உள்ளானவை 200-இல் ஒன்றுகூட இல்லை. பொதுச் சந்தையில் 20-இல் ஒன்றை நெருங்கியது.

எல்லாவற்றையும்விடக் கடினம் முதல் மனையை வாங்குவது. நகரத்து நிலவிலைக்கு நன்கொடை எந்த மூலைக்கு? பர்லிங்டனில் 1984-இல் பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்த மாநகராட்சி 2 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தது. 1988-இல் பாஸ்டன் நகரம் இன்னும் துணிந்தது: டட்லி தெருப் பகுதியின் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே அங்குள்ள மக்கள் அமைப்பிடம் ஒப்படைத்தது. குப்பை கொட்டிக் கிடந்த அந்த மனைகளில் இன்று வீடுகளும் தோட்டங்களும் இருக்கின்றன. தம் கையிலுள்ள நிலத்தை அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விடும் மாநகராட்சிகள் முதலில் அந்த ஏலத்தை நிறுத்த வேண்டும்.