விமானத் துறையில் வேலை செய்ய விருப்பமா? இயந்திரப் பொறியியலில் தொடங்கலாம்



ஊரில் கணிதப் பிரிவில் ஏ.எல். செய்துவிட்டு அல்லது இடையில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்த இளையோர் பலர் இருக்கிறீர்கள். "விமானம், ரொக்கெட் சம்பந்தமாய்ப் படிக்க விருப்பம். கேஸ் முடியாமல் படிக்கலாமோ? படித்தாலும் வேலை கிடைக்குமோ?" என்ற கேள்வி உங்களில் சிலருக்கு இருக்கும். பெற்றோருக்கும் இருக்கும்.

சுருக்கமான பதில் இதுதான். விருப்பத்தை விடவேண்டாம். ஆனால் உங்கட வதிவிட நிலை இன்னும் உறுதியாகவில்லை என்றால், "ஏரோஸ்பேஸ்" என்ற ஒரு கதவை மட்டும் நம்பாமல் இயந்திரப் பொறியியலில் (மெக்கானிக்கல் எஞ்சினியரிங்) தொடங்குவது நல்லது. காரணங்களைக் கீழே விளக்குகிறோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முதல் இரண்டு வருடமும் இரண்டு படிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணிதம், நிலையியல், இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், உலோகங்களின் பலம், கணினியில் வரைதல் எல்லாம் இரண்டிலும் உண்டு. அதற்குப் பிறகு ஏரோஸ்பேஸ் மாணவர்கள் விமானத்தின் மேல் காற்று எப்படிப் பாய்கிறது, ஜெற் எஞ்சின், விமானக் கட்டமைப்பு, பறப்பைக் கட்டுப்படுத்தல் என்று ஒரு பக்கம் போவார்கள். இயந்திரப் பொறியியல் மாணவர்கள் கார், மின் நிலையம், கட்டிடங்களின் சூடாக்கும் குளிராக்கும் முறைகள், ரோபோ, தொழிற்சாலை என்று பல பக்கம் போகலாம். அதில் விமானமும் ஒன்று.

ஒரு விமானத்தைப் பாருங்கோ. இறங்கும்போது முழுப் பாரத்தையும் தாங்குவது சில்லுக் கால். அதற்குள் எண்ணெயும் நைதரசன் வாயுவும் அடைத்த ஒரு உருளை இருக்கிறது. நிலத்தில் முட்டும்போது அது அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எஞ்சினுக்குள் சுழலும் ரேபைன், கதவைத் திறக்கும் ஹைட்ரோலிக், எல்லாமே இயந்திரப் பொறியியல்தான்.

இந்த வழியால் போனவர்கள்

2025 சனவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் தலைவரானவர் வி. நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத் தமிழர். அவர் தொடங்கியது இயந்திரப் பொறியியல் டிப்ளோமாவில். தொழிற்சாலைகளில் வேலை செய்து, 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். வேலையில் இருந்தபடியே மேலே படித்து 2001இல் ஏரோஸ்பேஸில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல். விழுப்புரத்துக்காரர். அவரும் இயந்திரப் பொறியியல் டிப்ளோமாவில் தொடங்கி, பிறகு பட்டப்படிப்புக்குப் போனவர்.

இருவரும் நேரே பெரிய கம்பஸுக்குப் போனவர்கள் அல்ல. படிப்படியாக ஏறியவர்கள். உங்கட பாதையும் அப்படி இருக்கலாம்.

ரொறன்ரோவில் என்ன இருக்கிறது?

விண்வெளி ஓடத்தில் பொருத்திய "கனடாம்" என்ற ரோபோக் கையை ரொறன்ரோவில் இருந்த ஸ்பார் ஏரோஸ்பேஸ் நிறுவனம்தான் செய்தது. அது 1981 நவம்பரில் முதன்முதல் விண்ணுக்குப் போனது. சுமார் 15 மீற்றர் நீளம், ஆறு மூட்டுக்கள். இந்தத் தொழில் இப்போது பிரம்ரனில் எம்.டி.ஏ. நிறுவனத்திடம் இருக்கிறது. ஸ்காபரோவுக்குப் பக்கத்தில் ஏஜாக்ஸில் சஃப்ரான் நிறுவனம் விமானச் சில்லுக் கால்கள் செய்கிறது. மிசிசாகாவில் பிராற் அன்ட் விற்னி எஞ்சின் ஆலை இருக்கிறது. பொம்பாடியே நிறுவனம் பியர்சன் விமான நிலையத்துப் பக்கத்தில் கட்டிய புதிய ஆலை 2024இல் திறக்கப்பட்டது.

படிப்புக்கு, ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலும் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்திலும் (2022 வரை ரயர்சன்) இரண்டு வழியும் உண்டு. யோர்க் பல்கலைக்கழகத்திலும் ஓஷாவாவில் ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்திலும் இயந்திரப் பொறியியல் இருக்கிறது.

ஏன் அகன்ற வழியால் போகச் சொல்கிறோம்?

முதல் காரணம், இந்தத் தொழில் ஏறும், இறங்கும். 1959 பெப்ரவரி 20ஆம் திகதி கனடா அரசு "அவ்ரோ அரோ" என்ற போர் விமானத் திட்டத்தை நிறுத்தியது. பியர்சன் விமான நிலையம் இருக்கும் மோல்ரன் பகுதியில் ஒரே நாளில் 14,000 பேர் அளவில் வேலை இழந்தார்கள். அங்கிருந்த பொறியியலாளர்கள் சுமார் 30 பேரை நாசா எடுத்துக்கொண்டது. அவர்களில் முக்கியமானவர் ஜிம் சேம்பர்லின். அவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்தது இயந்திரப் பொறியியல். பின்னர் "ஜெமினி" விண்கலத்தை வடிவமைப்பதில் முன்னுக்கு நின்றார். ஆனால் எல்லாருக்கும் நாசா கிடைக்கவில்லை. மற்றவர்கள் வேறு தொழில்களுக்குப் போகவேண்டி வந்தது. டவுன்ஸ்வியூவிலும் அப்படித்தான். 1929 முதல் விமானம் செய்த அந்த இடத்தை 2018இல் விற்றார்கள். இப்போது அங்கே விமானம் செய்வதில்லை. ஒரு ஆலை மூடினாலும் இன்னொரு தொழிலுக்கு மாறக்கூடிய படிப்பு கையில் இருந்தால் நீங்கள் தெருவில் நிற்கமாட்டீர்கள்.

இரண்டாவது காரணம் உங்களுக்கு இன்னும் முக்கியமானது. இராணுவப் பொருட்களைக் கையாளும் நிறுவனங்கள் கனடாவின் "கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள்" சட்டத்துக்கு உட்பட்டவை. அங்கே அந்தப் பொருட்களையோ வரைபடங்களையோ பார்க்கும் ஊழியர் பாதுகாப்புச் சோதனையில் தேறவேண்டும். கனடியப் பிரசைகளையும் நிரந்தர வதிவாளர்களையும் நிறுவனமே சோதித்து எடுக்கலாம். தற்காலிக நிலையில் உள்ளவர்களுக்கு அரசின் தனி அனுமதி தேவை. ஆகவே கேஸ் முடியாத ஒருவருக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. இது உங்கட திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு நிலைமை மாறும். எல்லா விமானத் துறை வேலைக்கும் இந்தச் சோதனை இல்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

உங்கட நிலை என்ன?

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்: கேஸ் முடியாவிட்டாலும் பள்ளிக்கூடம் போகலாம். ஸ்டடி பெர்மிட் தேவையில்லை.

கேஸ் நடந்துகொண்டிருப்பவர்கள்: கொலீச், பல்கலைக்கழகம் போக ஸ்டடி பெர்மிட் தேவை. கனடாவுக்குள் இருந்தே விண்ணப்பிக்கலாம். வேர்க் பெர்மிட் இருந்தால் படிக்கலாம் என்று நினைக்கவேண்டாம், இரண்டும் வேறு. பெரும்பாலான இடங்களில் உங்களிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள். பொறியியலுக்கு அது உள்நாட்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அரசின் ஓசாப் கடனும் கிடைக்காது. யோர்க் பல்கலைக்கழகம் 2017இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வதிவிட நிலை உறுதியில்லாத மாணவர் சிலர் உள்நாட்டுக் கட்டணத்தில் படிக்கலாம். இடங்கள் குறைவு. எந்தத் துறைகளில் இடமுண்டு என்று நேரே கேட்டுப் பாருங்கோ.

அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள்: நீங்கள் இப்போது "பாதுகாக்கப்பட்ட நபர்". உள்நாட்டுக் கட்டணம் உங்களுக்கு உண்டு. ஓசாப்புக்கும் விண்ணப்பிக்கலாம். பலர் "பி.ஆர். வரட்டும்" என்று சும்மா இருந்து வருடங்களைத் தொலைக்கிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. தீர்ப்புக் கடிதம் கையில் வந்தவுடன் தொடங்கலாம். ஸ்டடி பெர்மிட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கோ.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்யலாம்?

1. ஆங்கிலம். மத்திய அரசின் லிங்க் வகுப்பு கேஸ் முடியாதவர்களுக்கு இல்லை. ஆனால் மாகாண அரசின் பணத்தில் நடக்கும் ஈ.எஸ்.எல். வகுப்புகளில் நீங்கள் சேரலாம். பல பல்கலைக்கழகங்கள் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் 6.5 கேட்கின்றன.

2. பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள். பொறியியலுக்கு ஆங்கிலம், இரண்டு கணிதப் பாடங்கள், பௌதிகம், இரசாயனம் கேட்பார்கள். வயது வந்தோருக்கான பள்ளிக்கூடங்களில் இவற்றைப் படிக்கலாம்.

3. ஏ.எல். பெறுபேறு. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் செய்திருந்தால் அதையே பல்கலைக்கழகங்கள் ஏற்கக்கூடும். எனவே பெறுபேற்றுப் பத்திரத்தைத் தேடி எடுங்கோ. ஆனால் ஒரு எச்சரிக்கை: கேஸ் முடியும் முன் உங்கட பெயரில் இலங்கைத் தூதரகத்துக்கோ அரசாங்கக் கந்தோருக்கோ எழுதவேண்டாம். முதலில் உங்கட வழக்கறிஞரிடம் கேளுங்கோ.

பல்கலைக்கழகம் மட்டும்தான் வழியோ?

இல்லை. ஏஜென்சிக்குக் குடுத்த கடன் இருக்கிறது, வீட்டுக்கும் காசு அனுப்பவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். வேர்க் பெர்மிட் கிடைத்தவுடன் ஒரு மெசின் ஷொப்பில் உதவியாளராகச் சேரலாம். சி.என்.சி. மெசின் ஓட்டுவது, அளவு பார்ப்பது, வரைபடம் வாசிப்பது எல்லாம் பிறகு பொறியியல் படிக்கும்போது கைகொடுக்கும். கொலீச்சில் மெக்கானிக்கல் ரெக்னோலொஜி டிப்ளோமா செய்து பிறகு மேலே போகலாம். விமானம் திருத்தும் வேலை விருப்பமானால், செந்தெனியல் கொலீச்சின் டவுன்ஸ்வியூ வளாகத்தில் அதற்கான படிப்பு இருக்கிறது. பழைய விமான ஆலைக் கட்டிடத்தில் 2019இல் திறந்த வளாகம் அது.

ஊரில் பொறியியலாளராக இருந்தவர்கள்

பேராதனையிலோ மொறட்டுவையிலோ பட்டம் பெற்றவர்கள் திரும்ப முதலாம் வருடத்தில் தொடங்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் "பொறியியலாளர்" என்று கையொப்பமிட பி.ஈ.ஓ. என்ற சபையின் லைசன்ஸ் வேண்டும். முன்பு அதற்குக் கனடிய அனுபவம் கட்டாயம். 2023 மே மாதத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஊரில் வேலை செய்த வருடங்களும் கணக்கில் வரும். பழைய வேலைக் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கோ.

கடைசியாக, கவனிக்க வேண்டியவை

"ஏரோஸ்பேஸ் டிப்ளோமா, வேலை நிச்சயம்" என்று காசு கேட்கும் இடங்களில் உடனே கையெழுத்து வைக்கவேண்டாம். பொறியியல் பட்டம் என்றால் அது சி.ஈ.ஏ.பி. அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் விசாரியுங்கோ. எந்தப் படிவத்திலும் பிறந்த இடம், படித்த காலம், வேலை செய்த காலம் ஆகியவற்றை உள்ளபடி எழுதுங்கோ. அகதிக் கோரிக்கையில் எழுதிய திகதிகளும் இவையும் ஒத்துப்போகவேண்டும். பிறகு வரும் பாதுகாப்புச் சோதனையிலும் இதையே பார்ப்பார்கள்.

விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாவிட்டால், அல்லது பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த கடிதம் விளங்காவிட்டால், அதை எடுத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வாருங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கு மட்டுமே. சட்ட ஆலோசனை அல்ல. விதிகள் மாறக்கூடும். உங்கள் கேஸ் பற்றி உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டு நடக்கவும்.)