பழைய டீசல் வானுக்குப் பற்றரி தெரிவுசெய்தல்

பழைய டீசல் வானுக்குப் பற்றரி தெரிவுசெய்தல் என்பது, இயந்திரத்தைச் சுழற்றத் தேவையான மின்னோட்டம், பற்றரித் தட்டின் அளவு, முனைகளின் அமைவு ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்து மாற்றுப் பற்றரி வாங்குவதாகும். 1989இல் அறிமுகமாகி, இலங்கையில் ‘டொல்பின்’ என்ற பெயரில் இன்றும் பாடசாலைச் சேவையிலும் வாடகை ஓட்டத்திலும் காணப்படும் ரொயோட்டா ஹயஸ் வான் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை 12 வோல்ற்றில் இயங்கும் ஏனைய பழைய டீசல் வான்களுக்கும் பொருந்தும்.

டீசலின் தேவை

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைத் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசலில் அந்த வேலையைச் செய்வது நெருக்கப்பட்ட காற்றின் வெப்பம். டொல்பின் வான்கள் பலவற்றிலுள்ள 2779 கன சென்ரிமீற்றர் 3எல் இயந்திரத்தின் நெருக்கல் விகிதம் ஏறத்தாழ 22. அக்காலத்துப் பெற்றோல் கார்களில் இது 9 அல்லது 10 அளவில்தான் இருந்தது. இவ்வளவு நெருக்கத்துக்கு எதிராக இயந்திரத்தைச் சுழற்ற ஸ்டாட்டர் மோட்டர் 250 முதல் 400 அம்பியர் வரை இழுக்கும். அதற்கு முன்பே நான்கு ஹீற்றர் பிளக்குகளும் சேர்ந்து 40 முதல் 60 அம்பியர் எடுத்துக்கொள்கின்றன. பற்றரி தளர்ந்து இயந்திரம் மெதுவாகச் சுழன்றால், நெருக்கப்பட்ட காற்று பிஸ்ரன் வளையங்களின் இடைவெளியால் கசிகிறது; அதன் சூடும் உருளைச் சுவருக்குப் போய்விடுகிறது. வண்டி சுற்றும், ஆனால் பிடிக்காது. காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகளை ஏற்றப் புறப்பட வேண்டியவருக்கு இது ஒரு நாள் உழைப்பு.

ஆயினும் ஸ்டாட் செய்வதால் பற்றரி வெறுமையாகிறது என்ற எண்ணம் சரியன்று. 300 அம்பியர் 3 செக்கனுக்கு ஓடினால் செலவாவது 0.25 அம்பியர்-மணி. 50 அம்பியர் 15 செக்கன் பிளக்குகளைச் சூடாக்கினால் இன்னுமொரு 0.2. இரண்டும் சேர்ந்து அரை அம்பியர்-மணிக்கும் குறைவு. ஓல்டனேற்றர் இதைச் சில நிமிட ஓட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு 5 அம்பியர் எடுக்கும் பாட்டுப் பெட்டியையும் உள்விளக்குகளையும் நான்கு மணித்தியாலம் போட்டுவைத்தால் 20 அம்பியர்-மணி போகிறது. கோயில் யாத்திரை, சுற்றுலா ஓட்டங்களில் ஓடும் வான்களின் பற்றரிகள் விரைவில் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வாங்குவதற்கு முன்

பற்றரி விலை உயர்ந்த பொருள். பிழை வேறெங்கோ இருக்கப் புதியதை வாங்கிப் பூட்டினால், சில மாதங்களில் அதுவும் பழையதன் வழியே போகும். ஒரு பல்மானி இருந்தால் வேண்டிய அளவீடுகளை வீட்டிலேயே எடுக்கலாம். இரவு முழுதும் ஓய்வில் இருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ற் அல்லது சற்று மேலே காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஸ்டாட் செய்யும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழக்கூடாது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும் விழுமானால் பற்றரியையே சந்தேகிக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்.

ஸ்டாட் செய்கையில் பற்றரியில் 11 வோல்ற் நின்றும் மோட்டர் சோம்பலாகச் சுற்றினால், குற்றவாளி கேபிளாகவோ மோட்டராகவோ இருக்கலாம். பற்றரியின் எதிர்முனைக்கும் இயந்திரத்தின் உலோகத்துக்கும் இடையே அவ்வேளை அரை வோல்ற் தெரிந்தால், ஏர்த் கேபிளைக் கழற்றித் துருவைச் சுரண்டுவதே சிகிச்சை. கடற்காற்றுப் படும் ஊர்களில் இது அடிக்கடி காணப்படுவது, செலவும் அதிகமில்லை. எல் வகை இயந்திரங்களில் பிரேக்குக்கான வெற்றிடப் பம்பி ஓல்டனேற்றரின் பின்புறத்திலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கசியும் எண்ணெய் உள்ளே இறங்கினால் சார்ஜ் குறையும்.

பெயரிலுள்ள எழுத்துகள்

யப்பானிய முறைப்படி பற்றரியின் பெயரே அதன் அளவைச் சொல்லும். 95டி31ஆர் என்பதில் 95 ஆற்றலின் தரப்படி. அது அம்பியர்-மணி அன்று. கடைகளில் இந்தக் குழப்பம் நிறையவே நடக்கிறது. இவ்வகையின் 20 மணித்தியாலக் கொள்ளளவு ஏறத்தாழ 80 அம்பியர்-மணி. ‘டி’ அகல உயர வகுப்பு: அகலம் 173 மில்லிமீற்றர், முனை நீங்கலாக உயரம் ஏறத்தாழ 204. அடுத்த 31 சென்ரிமீற்றரில் நீளம். கடைசி எழுத்து நேர்முனையின் பக்கம். நேர்முனை இருக்கும் குறுகிய பக்கத்தில் நின்று பார்க்கும்போது அது வலப்புறம் இருந்தால் ஆர், இடப்புறம் இருந்தால் எல்.

இந்த எழுத்தை மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது. எட்டவைக்க இழுத்துப் பூட்டுபவர் நேர் எதிரை மாற்றிவிட்டால் ஓல்டனேற்றரின் டயோட்டுகள் அக்கணமே எரியும். ஆகவே பழைய பற்றரியின் பெயரைப் படமெடுத்துக்கொண்டு போவது நல்லது. முன்பே யாராவது பிழையானதைப் பூட்டியிருக்கக்கூடும் என்பதால் தட்டையும் அளந்துகொள்ள வேண்டும்.

பெரிய பற்றரி போட்டால் ஸ்டாட்டர் எரிந்துவிடும் என்பது கராஜ்களில் உலவும் கதை. வோல்ற்றளவு 12ஆக இருக்கும்வரை மோட்டர் தனக்கு வேண்டியதையே இழுக்கும். தட்டில் அமருமானால் டி26க்குப் பதில் டி31 போடுவதில் தீங்கில்லை.

குளிர்நிலை ஸ்டாட் மின்னோட்டம் என அச்சிடப்படுவது சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் அளக்கப்படுவது. நுவரெலியாவில் நிறுத்தப்படும் வானுக்கு அதில் ஓரளவு பயனுண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பற்றரியைக் கொல்வது வெப்பம். தட்டுகள் அரிக்கப்படுகின்றன, நீர் ஆவியாகிறது. அதனால் மூடி திறந்து காய்ச்சி வடித்த நீர் ஊற்றக்கூடிய சாதாரண ஈய-அமிலப் பற்றரியே பழைய வானுக்கு ஏற்றது என்பேன். நீரமானி விட்டு ஒவ்வொரு கலமாகச் சோதிக்கவும் முடியும். ஆறில் ஒன்று மட்டும் தாழ்ந்து காட்டினால் அப்பற்றரிக்கு மருந்தில்லை. மூடிய வகை வசதியானதுதான், ஆனால் பழைய ஓல்டனேற்றர் அளவுமீறிச் சார்ஜ் ஏற்றினால் இழந்த நீரை மீண்டும் ஊற்ற வழியிராது. சூரியகல வீடுகளுக்கான ஆழ்சுழற்சிப் பற்றரி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் தகடுகள் தடித்தவை, அகத்தடை கூடியது. கணநேரத்தில் பெரும் மின்னோட்டம் தர அது செய்யப்படவில்லை.

இரட்டைப் பற்றரி

குளிர்ப் பிரதேசங்களுக்காகச் செய்யப்பட்ட டீசல் வாகனங்கள் சிலவற்றில் இரண்டு 12 வோல்ற் பற்றரிகள் சமாந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும். இவற்றை ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒரே உற்பத்தி, ஒரே அளவு, இயன்றவரை ஒரே மாதத்தில் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது இரவு முழுதும் பழையதற்குள் வடிந்துகொண்டிருக்கும். இரண்டு இருப்பதாலேயே சமாந்தரம் என்று முடிவுகட்டவும் கூடாது: தொடராக இணைத்து 24 வோல்ற்றில் ஸ்டாட் செய்யும் டீசல்களும் உண்டு. கேபிள் போகும் வழியைப் பார்த்தே நிச்சயிக்க வேண்டும்.

உறையில் பொறித்துள்ள உற்பத்தித் திகதியைக் கடைக்காரரிடம் கேட்டு வாசித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் சார்ஜ் ஏற்றாமல் தட்டில் கிடந்த பற்றரியில் சல்பேற்றுப் படிந்திருக்கும். பூட்டும்போது எதிர்முனையை முதலில் கழற்றிக் கடைசியில் இணைக்க வேண்டும். பழைய பற்றரியைச் சும்மா விட்டுவிட்டு வர வேண்டியதில்லை: அதன் நிறையில் பெரும்பங்கு ஈயம் என்பதால் புதியதன் விலையில் அதற்கான தொகையைக் கழிப்பார்கள். அமிலத்தை நிலத்தில் ஊற்றாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.