தங்க வயலில் தங்க இடம் உண்டா?

'கே.ஜி.எப்.' என்ற மூன்றெழுத்துக்கு இன்றைக்கு நல்ல விலை. 2018 டிசம்பரில் அந்தப் பெயரில் ஒரு கன்னடப் படம் வந்தது. 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி என்று எல்லா மொழியிலும் ஓடிக் கொட்டியது பணம். கோலார் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத வடநாட்டுக்காரர்கள் கூட இப்போது அந்த மூன்றெழுத்தைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். 2024 ஆகஸ்டில் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வேறு வந்தது. ஓசைக்குக் குறைவில்லை.

படம் பார்த்தவர்கள் ஊரையும் பார்க்க வருகிறார்கள். விடுமுறை நாளில் பெங்களூரிலிருந்து காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்குகிறார்கள். சயனைடு மேடு எங்கே என்று கேட்கிறார்கள். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு டீ, ஒரு பாட்டில் தண்ணீர். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். ராபர்ட்சன்பேட்டையில் லாட்ஜ் இல்லாமல் இல்லை. ஆனால் மனைவி மக்களோடு வந்து இரண்டு நாள் இருந்து, ஊரின் கதையைக் கேட்டுப் போவதற்கென்று ஓர் ஏற்பாடு இங்கே வளரவில்லை. பெயரை விற்றவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். பெயருக்குச் சொந்தக்காரர்களோ விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வியாபாரி ஒரு சிப்பாய்

தங்க வயலின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டுவது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு நடந்த சண்டையில் சிப்பாயாக இருந்துவிட்டு, பெங்களூர் கண்டோன்மெண்டில் வந்து குடியேறினார். 1804இல் லெப்டினன்ட் வாரன் எழுதிவைத்த பழைய குறிப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது. கோலார் பக்கத்து மண்ணில் தங்கம் இருக்கிறது என்றது அது. மனிதர் 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார். 1873இல் மைசூர் சர்க்காருக்கு மனுப் போட்டு, 1875இல் உரிமம் வாங்கினார்.

உரிமம் வந்ததே தவிர கையில் காசில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் 'தங்கம் இருக்கிறது' என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பெரெஸ்போர்டு என்ற மேஜர் ஜெனரலும் அவர் கூட்டாளிகளும் பணம் போடும்படி செய்தார். அதற்குப் பின் லண்டன் முதலாளிகளின் காலம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. சில வருஷம் தோண்டியும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் அகப்படவில்லை. பங்குதாரர்கள் போதும் போதும் என்று கையை உதறும் நேரத்தில், மிச்சமிருந்த பணத்தையும் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. 1885 வாக்கில் சாம்பியன் தங்க ரேகை அகப்பட்டது. பிறகு நடந்தது உலகறிந்த கதை. பெங்களூரில் லாவெல் ரோடு என்று ஒரு பணக்காரத் தெரு இருக்கிறதே, அது இந்தச் சிப்பாயின் பெயர்தான்.

சிப்பாய் தங்கம் தேடுகிறவரானார். அதைவிடப் பெரிய தொழில் மாற்றத்தைச் செய்தவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துக் கூலி ஜனங்கள். ஏர் பிடித்த கை ஜம்பர் பிடித்தது. வெயிலில் காய்ந்தவர்கள் பகலே இல்லாத இடத்தில் இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிற்று. அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறை வெடிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மேலே, மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடுகள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது அது சுரங்கத்துக்காக வந்தது, தட்டி வீட்டுக்காக அல்ல.

ஆனாலும் இந்த ஜனங்கள் வெறும் கூலிகளாக இருந்துவிடவில்லை. பண்டித அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கே வேர்விட்டது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அவருக்குப் பின் நின்றுபோக, 1926இல் அதை மீண்டும் கொண்டுவந்தது தங்க வயல்தான். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளியின் காசில் பத்திரிகை நடந்த ஊர் இது. சினிமாவில் இதெல்லாம் வராது.

இரண்டாவது மாற்றம்

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் மத்திய சர்க்காரிடம் போய், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனியாயின. போகப் போக ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் சில கிராமாகக் குறைந்தது. எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியது. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் கொடுத்த பூமி 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அன்றைக்கு வேலையிழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

நாற்பது வயதுக்கு மேல் புதுத் தொழில் என்பது லேசான காரியமா? பெமல் தொழிற்சாலை ஊரில் இருந்தாலும் எல்லாரையும் அது தாங்க முடியாது. மிச்சம் பேருக்கு இருந்தது மாரிக்குப்பம் வண்டி ஒன்றுதான். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை அள்ளிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய்ச் சேருகிற வண்டி. போக இரண்டு மணிக்கு மேல், வர அவ்வளவு. நாளில் நான்கைந்து மணி நேரம் பலகையிலும் படிக்கட்டிலும் போகிறது. பிட்டராக இருந்தவர் லேத் பட்டறைக்குப் போனார். கூண்டை ஆழத்துக்கு இறக்கி ஏற்றும் எஞ்சினை ஓட்டியவர் வங்கி வாசலில் செக்யூரிட்டி ஆனார். பிள்ளைகள் ஆபீஸ்களுக்கும் கார்மெண்ட்ஸுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். வேலை இருக்கிறது என்ற சேதி வண்டியிலேயே பரவும். ஒருவர் சேர்ந்த இடத்துக்கு அடுத்த மாதம் நாலு பேர் போவார்கள். தங்க வயலின் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் ரயில் பெட்டிதான் என்றால் மிகையில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நஷ்டம் ஒன்று உண்டு. எந்த ஷாப்ட் எந்த மட்டத்தில் எதோடு சேருகிறது, பாறை வெடிக்கும் முன் என்ன சத்தம் கொடுக்கும் என்பதெல்லாம் அந்தத் தலைமுறையின் மனசில் மட்டும் இருக்கிறது. மூடும்போது முப்பது வயதாக இருந்தவருக்கு இன்று ஐம்பத்தைந்து. அவருக்கு மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், பலர் நெஞ்சில் பாறைத் தூசியோடு.

பக்கத்திலேயே பாடம்

பெயரை வைத்துப் பிழைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். வண்டி மாறும் பங்காருப்பேட்டையையே பாருங்கள். அந்த ஊர் பானிபூரியின் ரசம் தெளிந்த தண்ணீர் போல இருக்கும். வாயில் வைத்தால்தான் காரம் தெரியும். அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, பெங்களூரின் மூலை முடுக்கெல்லாம் 'பங்காருப்பேட்டை சாட்ஸ்' என்று போர்டு தொங்குகிறது. விளம்பரத்துக்கு யாரும் லட்சம் செலவழிக்கவில்லை.

தங்க வயலுக்கு அருகே கம்மசந்திரத்தில் கோடிலிங்கேசுவரர் கோயில் இருக்கிறது. 1980இல் சாம்பசிவமூர்த்தி சுவாமிகள் தொடங்கியது. 108 அடி லிங்கமும் 35 அடி நந்தியும் தூரத்திலிருந்தே தெரியும். சுற்றிலும் கணக்கற்ற சிறு லிங்கங்கள். விரும்புகிற பக்தர் பணம் கட்டித் தம் குடும்பத்தின் பேரில் ஒரு லிங்கம் வைக்கலாம். வைத்தவர் சும்மா இருப்பாரா? அடுத்த வருஷம் பிள்ளை குட்டிகளோடு 'நம்ம லிங்கம் எங்கே' என்று தேடி வருவார். பக்தியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஊரோடு ஒரு குடும்பத்துக்கு உறவை உண்டாக்கினால் அந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப வரும் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

அந்தக் கோயிலுக்கு வரும் பஸ்களில் எத்தனை தங்க வயலுக்குள் திரும்புகின்றன?

வெளிநாட்டில் நடந்தது

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் 'பிக் பிட்' என்றொரு நிலக்கரிச் சுரங்கம். 1980இல் மூடினார்கள். 1983இல் அதையே பொதுஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். தலையில் விளக்குத் தொப்பி மாட்டி, கூண்டில் 90 மீட்டர் கீழே இறக்கி, சுற்றிக் காட்டுகிறார்கள். காட்டுகிறவர்கள் சுரங்கத் தொழிலாளிகளாக இருந்தவர்கள். வேலை போனவருக்கு, அந்த வேலையைப் பற்றிப் பேசுவதே வேலையாயிற்று. 2000இல் அந்த வட்டாரம் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

ஆஸ்திரேலியாவில் பல்லராட் என்ற தங்க ஊரில் 1970இல் 'சாவரின் ஹில்' என்று பழைய தங்க வேட்டைக் கால ஊரையே திரும்பக் கட்டினார்கள். குழந்தைகள் ஓடையில் தட்டு வைத்துப் பொன் அரிக்கலாம். ஜப்பானின் சாடோ தீவில் தங்கச் சுரங்கம் 1989இல் நின்றது. 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது.

இங்கே என்ன இருக்கிறது? வானத்தில் நிற்கும் ஷாப்ட் கோபுரங்கள். வெள்ளைக்காரர்கள் மேட்டில் கட்டிய பங்களாக்கள். 1885இல் ஆரம்பித்த கே.ஜி.எப். கிளப். கொஞ்ச தூரத்தில் பேத்தமங்கலம் ஏரி. நம் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் மணலாய்க் கிடக்கும் அதே பாலாற்றைத் தேக்கிய நீர்தான் அது, தங்க வயலுக்குக் குடிக்கத் தந்த நீர். ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டையும் இந்த வட்டாரந்தான். இரண்டு நாளைக்குத் தாராளமாகக் காணும்.

இதற்கு ஏற்கெனவே வாடிக்கைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்ட ஆங்கிலோ இந்தியர் குடும்பங்கள், தாத்தா இருந்த பங்களா எங்கே என்று தேடி வருவது பழைய வழக்கம். பெங்களூரில் குடியேறிய நம்மவர்கள் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பிள்ளைகளை லைன் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். இரண்டு அறையில் பன்னிரண்டு பேர் படுத்து, விடிய விடியப் பேசிவிட்டுப் போகிறார்கள். ஓட்டலில் தங்கியதைப் பிள்ளைகள் மறந்தாலும் இதை மறப்பதில்லை.

முட்டுக்கட்டைகள்

ஆசை காட்டுவது சுலபம். நிலைமையையும் சொல்ல வேண்டும். வேல்ஸைப் போல இங்கே கூண்டில் இறக்க முடியாது. சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது. நிலமும் கோபுரங்களும் கம்பெனிச் சொத்து. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. லைன் வீடுகளை முன்னாள் தொழிலாளர் பேருக்கு எழுதித் தரும் விஷயம் வருஷக்கணக்காக இழுத்தடிக்கிறது. பட்டா கையில் இல்லாதவர் எந்தத் தைரியத்தில் விருந்தாளிக்கு அறை கட்டுவார்? எந்த வங்கி கடன் தரும்?

சயனைடு மேட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது சினிமாச் செட் அல்ல. தங்கத்தை அரைத்துப் பிரித்த பின் கொட்டிய கழிவு. காற்றடித்தால் அந்தத் தூள் லைன் வீட்டுச் சோற்றில் விழுகிறது. இப்படி 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கின்றன. அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு கேட்ட அனுமதிக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரி சபை இசைந்தது. மேடுகள் போனால் ஊருக்கு நல்லதே. வருகிற வேலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி, அதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

பெரிய திட்டங்கள் வரட்டும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முன்னாள் தொழிலாளர் பத்துப் பேர் சேர்ந்து சங்கம் வைத்து, வருகிறவர்களுக்கு வெளியிலிருந்தபடியே ஷாப்ட் கோபுரங்களையும் லைன்களையும் காட்டிக் கதை சொல்லலாம். பகல் சாப்பாட்டை ஒரு லைன் வீட்டில் போடலாம். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். இதற்கு டெண்டரும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம்.

பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வர நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாரிக்குப்பம் போகும் வண்டியில் ஏறிச் சாம்பியனில் இறங்குங்கள். குடிநீர் எடுத்து வாருங்கள். குழந்தைகளை மேட்டில் ஏற விடாதீர்கள். எதிர்ப்படும் டீக்கடையில் உட்கார்ந்து, மைன்ஸில் அடியில் வேலை பார்த்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.