எண்ணெய் விலையும் மகிழுந்துத் தொழிலும்

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறது. ஆகவே, உலகச் சந்தையில் எண்ணெய் விலை மாறும்போதெல்லாம் நம் நாட்டுத் தொழில்கள் பலவும் அதன் தாக்கத்தைப் பெறுகின்றன. அவற்றுள் மகிழுந்துத் தொழிலும் ஒன்று.

டீசல் மகிழுந்தின் விலை பெட்ரோல் மகிழுந்தின் விலையைவிட மிகுதி. ஆயினும், ஒரு லிட்டரில் அது கூடுதல் தொலைவு ஓடும். 2010 ஜூன் திங்களில் நடுவண் அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. உழவுக்கும் சரக்குந்துகளுக்கும் இன்றியமையாதது என்பதால் டீசல் விலையை மட்டும் கட்டுக்குள் வைத்திருந்தது. இரண்டின் விலைக்கும் இடையே வேறுபாடு பெருகியது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். பெட்ரோல் 75 ரூபாய், டீசல் 50 ரூபாய் எனில், கிலோமீட்டருக்கு முறையே 5 ரூபாயும் 2.50 ரூபாயும் செலவாகும். டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் ரூபாய் 40,000 கிலோமீட்டரில் மீண்டுவிடும். இரண்டும் 60 ரூபாய் ஆகிவிட்டால், அத்தொகை மீள 1,00,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

மக்களும் இவ்வாறே கணக்கிட்டனர். 2012-13ஆம் ஆண்டளவில் விற்பனையான மகிழுந்துகளில் ஏறத்தாழப் பாதி டீசல் வண்டிகளே. நிறுவனங்கள் டீசல் எஞ்சின் ஆலைகளில் பெரும்பொருள் முதலீடு செய்தன. ஆனால், 2013 ஜனவரி முதல் டீசல் விலை சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. 2014 அக்டோபரில் அதன் கட்டுப்பாடும் நீங்கியது. விலை வேறுபாடு குறையவே, மக்கள் மீண்டும் பெட்ரோல் வண்டிகளை நாடினர். 2020 ஏப்ரலில் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மாருதி சுசுகி நிறுவனம் டீசல் மகிழுந்துகளைக் கைவிட்டது. அவ்வாண்டு ஜூன் திங்களில் தில்லியில் டீசல் விலை பெட்ரோல் விலையையே விஞ்சியது.

எரிபொருள் விலை ஒரே நாளில் மாறும்; ஆலை எழுப்பவோ பல ஆண்டுகள் ஆகும். கணிப்பு தவறினால் முதலீட்டாளர் மட்டுமன்றி, ஆலைத் தொழிலாளரும் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் இடருறுவர். எனவேதான் இன்று நிறுவனங்கள் ஒரே எரிபொருளை நம்பாமல் பெட்ரோல், இயற்கை எரிவாயு, மின்சாரம் எனப் பல வழிகளில் இயங்கும் வண்டிகளைச் செய்கின்றன.

சொற்பொருள்
திங்கள் – மாதம்
நடுவண் அரசு – மத்திய அரசு
விஞ்சுதல் – மிகுதல்

வினாக்கள்
1. அரசு டீசல் விலையை மட்டும் கட்டுக்குள் வைத்திருந்தது ஏன்?
2. பெட்ரோல் 90 ரூபாய், டீசல் 80 ரூபாய் எனில், ஒரு லட்சம் ரூபாய் எத்தனை கிலோமீட்டரில் மீளும்?
3. விலை மாற்றத்தால் தொழிலாளர் இடருறுவது எவ்வாறு?