‘குடி’: ஒரு சொல்லின் சமூக வரலாறு

ஆங்கிலத்தில் ‘வில்லன்’ என்னும் சொல் பண்ணைமனையைச் சுட்டும் ‘வில்லா’ என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நிலப்பிரபுத்துவ இங்கிலாந்தில் அது பிரபுவின் நிலத்தோடு பிணிக்கப்பட்ட உழவனைக் குறித்தது. உழவனை இழிந்தோனாகக் கண்ட மேலோர் பார்வையே அச்சொல்லைக் காலப்போக்கில் தீயோனுக்கு உரியதாக்கிற்று. சொற்பொருளை நிர்ணயிப்பதில் வர்க்க உறவுகளுக்குள்ள பங்கினை இது உணர்த்தும். தமிழில் ‘குடி’ என்னும் சொல்லையும் இவ்வாறே நோக்கலாம்.

புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையே குடிகளாக எண்ணுகிறார். திருக்குறளிலோ ‘குடிமை’ என்பது உயர்குடிப் பிறப்பின் பண்பு. சோழர் கல்வெட்டுகளில் அதே சொல் குடிகள் இறுக்க வேண்டிய கடமைகளுள் ஒன்றாகிறது. அக்காலத்து நிலக்கொடைகளில் ‘குடிநீக்கி’, ‘குடிநீங்கா’ என இரு வகைகள் காணப்படும். உழுவோரை அகற்றி நிலத்தை வழங்குவது முன்னையது. அவர்களோடு சேர்த்தே வழங்குவது பின்னையது. இரண்டிலும் முடிவு உழுதவனுடையதன்று.

யாழ்ப்பாணச் சமூகத்தில் ‘குடிமை’ வேளாளருக்குப் பரம்பரைச் சேவை செய்யும் கடப்பாட்டைக் குறித்தது. ‘குடிமகன்’ என்றால் முடிதிருத்தும் தொழிலாளி. மட்டக்களப்பிலோ குடி தாய்வழி மரபாகும்; திருமண உறவையும் கோயில் உரிமையையும் அது நெறிப்படுத்துவது. எனவே இப்பொருள் வேறுபாட்டைக் காலத்தால் மட்டும் விளக்கவியலாது. நிலவுடைமையும் உறவுமுறையும் இடத்துக்கிடம் வேறுபட்டமையும் கருதற்பாலது.

அடிமைக் கடப்பாட்டைச் சுட்டிய ‘குடிமகன்’ நவீன அரசியலில் உரிமையுடையோன் ஆனான். ஆயின் சொல் உயர்ந்த வேகத்தில் வாழ்வு உயரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972இல் இலங்கை ‘குடியரசு’ ஆனபோதும் அவர்களில் இலட்சக்கணக்கானோர் அந்நிலையிலேயே இருந்தனர். 1977 வன்செயலின்பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களும் அவர்களுள் அடங்கும்.

முல்லைத்தீவின் புதுக்குடியிருப்பு தன் பெயரிலேயே இச்சொல்லைத் தாங்கி நிற்கிறது. 2009இல் போர் அவ்வூர் மக்களை முற்றாக இடம்பெயர்த்தது. 2017இல் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படை வசமிருந்த தம் காணிகளின் முன் ஏறத்தாழ ஒரு மாதம் அமர்ந்திருந்து அவற்றை மீட்டனர். ‘குடிநீக்கி’ என்பது கல்வெட்டோடு ஒழிந்த சொல்லன்று. அதை எதிர்த்து நிற்கையில்தான் குடி, குடிமகன் என்னும் சொல்லுக்குரிய பொருளைத் தானே எழுதுகிறது.