சல்சான்னா டான்ஸ் மட்டுமில்ல பாஸ்!

'சல்சா'ன்னதும் ஆட ரெடியாகிட்டீங்களா? வெயிட்! ஸ்பானிஷ்ல சல்சான்னா சாஸ்னுதான் அர்த்தம். மெக்ஸிகோவில் 'மோல்காஹெதே' என்கிற எரிமலைக்கல் உரலில் சுட்ட தக்காளி, மிளகாய், பூண்டு, உப்பு போட்டு இடிக்கிறாங்க. நம்ம அம்மித் துவையலுக்குத் தூரத்துச் சொந்தம்! மிளகாயே அந்தப் பக்கமிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்ததுதானே?

'ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சல்சா'ன்னு பாட்டில்ல அடைச்சு கல்ச்சுரல்ஸ்ல விக்க ஐடியாவா? நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஃபுட் டெக்னாலஜி படிக்கிற ஃப்ரெண்ட் தடுத்துட்டான். பி.ஹெச். அளவு 4.6-ஐத் தாண்டினா, காத்துப் புகாத பாட்டிலுக்குள்ள பாட்டுலிசம் விஷம் உருவாகலாமாம். பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது!

அதனால எலுமிச்சை பிழிஞ்சு, கொஞ்சமா செஞ்சு, ஃப்ரிட்ஜ்ல வெச்சு, மூணு நாள்ல காலி பண்ணிடுங்க. பிசினஸ்தான் லட்சியமா? முதல்ல ஒரு பி.ஹெச். மீட்டர் வாங்குங்க. லேபிள் டிசைனெல்லாம் அப்புறம்!